அசையாக் குருவியின் வால்

அந்தக் காலத்தில், எறும்புகள் கடை வைத்து அணில்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய ஏரிக்கரையில் குன்றிமணிதான் காசு. ஒரு மணி கொடுத்தால் எறும்புக் கடையில் ஒரு படி தினை. ஒரு மணி கொடுத்தால் அணில் மரமேறி ஒரு கத்தை நார் உரித்துத் தரும். மணி காய்க்கும் கொடியோ ஒன்றே ஒன்று. அது ஏரி நடுவே ஒரு பாறைமேல் படர்ந்திருந்தது.

அந்தக் கொடிக்குக் காவல் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி. அதன் வால்தான் சட்டம். வால் இறங்கியிருந்தால் கேட்டவர்களுக்கெல்லாம் மணி கடனாகக் கிடைக்கும். தூக்கியிருந்தால் ஒருவரும் கொடியைத் தொடக் கூடாது. வைத்த வாலை மாதக்கணக்கில் அசைக்காது என்பதால் அதற்கு அசையாக் குருவி என்று பேர். அந்தப் பேரில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு கோடையில் தூக்கணாங்குருவி வந்தது.

"அண்ணே, கூடு கட்டணும். நார் வாங்க மணி இல்ல. வாலைக் கொஞ்சம் இறக்குங்களேன்."

குருவி இறக்கியது. கரையே களைகட்டியது. போகிற வருகிறவர்களெல்லாம் பாறையைப் பார்த்துக் கும்பிட, வாலைத் திரும்பத் தூக்க அதற்கு மனமே வரவில்லை. தூக்கணாங்குருவி ஒரு கூட்டை முடிக்குமுன் இரண்டாவதைத் தொடங்கியது, அப்புறம் மூன்றாவதை. அலகு நிறைய மணி இருக்கும்போது யார் கணக்குப் பார்ப்பார்கள்?

ஆனால் மணிதான் பெருகியது, தினை பெருகவில்லை. எறும்பு விலையை ஏற்றிக்கொண்டே போனது. ஒருநாள் ஒரு காடை பாறைக்கு வந்து ஆறு மணிகளைக் குருவியின் முன் வைத்தது.

"குஞ்சு பொரிச்சா ஆகும்னு ஒரு வருசமாச் சேர்த்தது, ஐயா. ஆறு படி வாங்கலாம்னு இருந்தேன். இப்ப ஒரு படிக்கே பத்து மணி கேக்குது எறும்பு. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

குருவிக்குச் சுருக்கென்றது. அந்த நிமிடமே வாலை விறைப்பாகத் தூக்கிக்கொண்டது.

கடன் போன மணிகள் திரும்பி வர, கொஞ்ச நாளில் விலை இறங்கியது. காடைக் குஞ்சுகள் வயிறாரத் தின்றன. அதோடு நிறுத்தியிருக்கலாம். குருவியோ வாலைத் தூக்கியபடியே சிலைமாதிரி நின்றது. மணி கிடைக்காததால் யாரும் எதையும் வாங்கவில்லை. வாங்க ஆளில்லாத அணில்கள் நார் உரிப்பதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போயின. தூக்கணாங்குருவியின் மூன்று கூடுகளும் அரைகுறையாகத் தொங்கின. மேற்கே மேகம் திரண்டது.

"அண்ணே, ஒரு கூட்டுக்காவது நார் வேணும். என் வீட்டுக்காரி வேற வழியில்லாம அரைக்கூட்டுலயே முட்டை வச்சுட்டா."

"இப்பத்தான் வாலைத் தூக்கினேன். உடனே இறக்கினா என்னை யாருப்பா மதிப்பா?"

"உங்க மதிப்பை வச்சு என் முட்டையை மூட முடியுமா, அண்ணே?"

குருவி மூன்று நாள் யோசித்தது. நான்காம் நாள் ஈரக்காற்று முகத்தில் அடித்தபோதுதான் வாலை இறக்கியது. தூக்கணாங்குருவி ஒரு மணியைக் கவ்விக்கொண்டு பறந்தது. ஆனால் அணில்களைத் தேடிப் பிடித்து, அவை மரமேறி, உரித்து, கத்தை கட்டிக் கொண்டுவர இன்னும் நான்கு நாள் வேண்டும். மழை இரண்டாம் நாளே கொட்டியது.

அடிப்பாகம் பின்னாத கூட்டிலிருந்து முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி ஏரியில் விழுவதைக் குருவி பாறையிலிருந்தே பார்த்தது. மூன்று முட்டைகள். அது பதறிப்போய் ஓடியது, நின்றது, வாலைத் தூக்கியது, இறக்கியது. எதற்கும் பலன் இல்லை.

"நான் ஆட்டுறது இன்னைக்கு. அது போய்ச் சேர்றது என்னைக்கோ," என்று தனக்குத்தானே சொல்லி அழுதது. அதற்குமேல் அதனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அன்று முதல்தான் அந்தக் குருவி, யாருக்கு என்ன விலை, எங்கே என்ன மேகம் என்று கரையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்து, வாலைக் கொஞ்சம் தூக்கிக் கொஞ்சம் இறக்கி வாலாட்டிக் குருவி ஆனது; தூக்கணாங்குருவியும் முடிக்காத கூடு ஒன்றிரண்டைத் தண்ணீருக்கு மேலேயே தொங்கவிடுகிறது, வாலாட்டியின் கண்ணில் படும்படி.