மண்டையோட்டுப் பூச்சி

நாச்சிமுத்து முப்பது வருடம் மாட்டுத் தரகர். வைக்கோல் போர் பற்றி எரிந்தபோது, பக்கத்தில் கட்டிக் கிடந்த காளைகளை அவிழ்த்துவிடப் போனவர், பாதி முகத்தை அந்தத் தீயிலேயே விட்டுவிட்டு வந்தார். அத்தனை காலம் அவர் விரலைப் பிடித்து விலை பேசியவர்கள், அதன்பிறகு அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செல்லாத்தாள் என்ற துறவியிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார். அவள் அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் ஊருக்குள் போய் வாங்கி வரும் பிச்சைதான் இருவருக்கும் சோறு.

ஒரு நாள் காலை வெறும் சட்டியோடு திரும்பினார்.

“ஊர்ப் பெரியதனக்காரர் வழி மறிச்சுட்டார், தாயி. பிள்ளைங்க பயப்படுதாம். முகத்தை மூடிக்கிட்டு வரணுமாம். இல்லேன்னா தெருவுல கால் வைக்கக் கூடாதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னுட்டேன். நாளையிலிருந்து இந்தத் துண்டைச் சுத்திக்கிறேன். தப்பா?”

செல்லாத்தாள் துண்டை வாங்கினாள். சுவரோரம் போய் எதையோ அதில் மூடி எடுத்து வந்தாள்.

“தரகரே, சந்தையில எப்படி விலை பேசுவீங்க?”

“துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு.”

“இதுக்குள்ள கையை விடுங்க. சரக்கு எப்படி?”

விட்டார். முகம் மலர்ந்தது. “அடடா, கன்னுக்குட்டி காது! பட்டு மாதிரியில்ல இருக்கு!”

உள்ளே கீச்சென்று ஒரு கத்தல். கையை உருவிக்கொண்டார். அவள் துண்டை விலக்கினாள்.

உள்ளங்கை நீளத்துக்கு ஓர் அந்துப்பூச்சி. கரும்பழுப்பு இறக்கை. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட வயிறு. முதுகில் அப்பட்டமாக ஒரு மண்டையோடு.

“ஐயோ, தூக்கி எறிங்க! இது வந்தா வீட்டுல சாவு விழும்பாங்க!”

“இப்பத்தானே பட்டுன்னீங்க?”

அவர் எட்டி நின்றே பூச்சியைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான். எள்ளுச் செடியில, வாலுல கொம்போட ஒரு பச்சைப் புழு. நசுக்கியே தீருவேன்னு குதிச்சீங்களே?”

“அந்தத் தின்னிப் பயலா? மண்ணுக்குள்ள போய்ப் புதைஞ்சானே!”

“எந்திரிச்சு வந்துட்டான். பகல்ல சுவரு. இருட்டினா தேன்.”

“பூவுலயா?”

“தேன்கூட்டுக்குள்ள. ஆயிரம் கொடுக்கு இருக்கிற இடம். நேரா நுழைவான். கீச்சுன்னு ஓர் அதட்டல். வயிறு முட்டக் குடிச்சுட்டு வந்த வழியே வருவான்.”

“போக்கிரி!” நாச்சிமுத்து சிரித்துவிட்டார்.

பூச்சி ஊர்ந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. நாச்சிமுத்து மறுபடி சட்டியை எடுத்தார். துண்டைக் காணோம். செல்லாத்தாள் அதை மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“குடுங்க தாயி. மேலத் தெருவுல கேட்டுப் பார்க்கிறேன். பெரியதனக்காரர் தெரு முக்குலயே நிப்பார்.”

“நிக்கட்டும்.”

“கை வச்சா?”

“கூட்டுக்குள்ள போனா கொட்டு விழத்தான் செய்யும்.”

“மூடிக்கிட்டுப் போனா சோறாவது கிடைக்குமே!”

செல்லாத்தாள் சுவரைக் காட்டினாள்.

“தேன்கூட்டுக்குப் போறப்ப, அவன் முதுகைக் கழட்டி வாசல்ல வச்சுட்டா போறான்?”