லாம்பெக்கின் கிழிந்த உதடு

அந்தக் காலத்தில் ஆந்தை வேல மரத்தின் உச்சியில்தான் குடியிருந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வெறும் மணல். அந்த மணலைக் கீறிக்கொண்டு மோச்சே என்று ஓர் ஆறு ஓடியது. அங்கே நரியும் கடற்சிங்கமும் ஆந்தையும் மனிதர்களோடு சரிக்குச் சரி பேசின. வாயாடுவதில் நரியை வெல்ல முடியாது. ஆனால் எல்லோரும் பயந்தது ஆந்தைக்குத்தான். செத்தவர்களைக் கடலுக்கு நடுவில் இருக்கும் தீவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை.

அதற்கு ஒரு முறை இருந்தது. பெரிய ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் முகத்தைக் களிமண் சாடியாகச் செய்துவைத்துக்கொள்வார்கள். அவர்கள் செத்ததும் சாடியை மரத்தடிக்குக் கொண்டுபோய் ஆந்தைக்குக் காட்டிவிட்டு, உடலோடு குழியில் வைத்து மூடுவார்கள். பிறகு குழியிலிருந்து எழுந்து வருகிற ஆவியின் முகத்தை ஆந்தை பார்க்கும். சாடியில் பார்த்த முகமும் இதுவும் ஒன்றானால் கூட்டிக்கொண்டு போகும்.

முகம் செய்வதில் உச்சோப்பை மிஞ்ச அந்த ஆற்றங்கரையில் குயவன் இல்லை. அது அவனுக்கும் நன்றாகவே தெரியும். முதலில் ஒரு முகத்தை வனைவான். அதன்மேல் மண் அப்பி, முன்பாதிக்கும் பின்பாதிக்குமாக இரண்டு அச்சு எடுத்துச் சுடுவான். அப்புறம் எத்தனை சாடி கேட்டாலும் அதே முகம், ஒரு மயிரிழை மாறாது.

அவன் மனைவி மியாசிக்கு லாம்பெக் என்று ஓர் அண்ணன். போர்வீரன். சண்டையில் கதாயுதம் பட்டு மேலுதடு கிழிந்தது. புண் ஆறியது, உதடு சேரவில்லை. அவன் முகத்துக்கு அச்சு சுட்டு முடித்த அன்று, பார்க்க வந்தான். அச்சில் எல்லாமே தலைகீழாக இருந்தது. மூக்கு பள்ளமாகத் தெரிந்தது. உதட்டுப் பிளவு சின்ன வரப்பாக எழுந்து நின்றது.

"இது என்ன வரப்பு, மாப்பிள்ளை?"

"உங்க உதடுதான் மச்சான்."

"எடுத்துடு."

"எடுத்தா அது நீங்க இல்லையே."

"எத்தனை பேரைக் கழுத்துல கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன்! அது முகத்துல தெரியுதா? இது ஒண்ணுதான் தெரியுது. சோளக் கள்ளு குடிச்சா பாதி தாடைக்குப் போகுது. பொடிப் பசங்க சிரிக்கிறாங்க. போற இடத்துக்காவது முழு உதட்டோட போறேனே."

உச்சோப்புக்கு மனம் இளகியது. பிளவில்லாத அந்த முகத்தை நினைத்துப் பார்த்ததும் கையும் துறுதுறுத்தது. செய்தது இரக்கத்தாலா, கைத்திமிராலா என்று பிற்காலத்தில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். ஒரு சிப்பி ஓட்டை எடுத்து அந்த வரப்பைச் சுரண்டித் தள்ளினான்.

சாடியைப் பார்த்த மியாசி, "இது யாரு?" என்றாள்.

"உன் அண்ணன்."

"எங்க அண்ணனா? அடிபடுறதுக்கு முன்னாடிகூட இவ்வளவு லட்சணமா இருந்ததில்லையே!"

லாம்பெக்கும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த கோடையில் அவன் காய்ச்சலில் செத்தான். சாடியை ஆந்தைக்குக் காட்டினார்கள். குழியை மண்கட்டிகளால் மூடினார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் ஆந்தை பறந்து வந்து சூளைச் சுவரில் உட்கார்ந்தது. மரத்தை விட்டு அது அப்படி வந்ததே இல்லை.

"குயவா, யாரைக் காட்டினே? யாரைப் புதைச்சே? உதடு கிழிஞ்ச ஒருத்தன் வந்து நிக்கிறான். கேட்டா லாம்பெக்காம். நீ காட்டின ஆள் இவன் இல்லையே."

"அவர்தான். முகத்தைத் திருத்தினது நான்."

"அப்ப நீயே வச்சுக்கோ. நான் கூட்டிட்டுப் போகலேன்னா வெயில்ல நின்னு மணலா உதிர்ந்துடுவான். இப்பவே பாதம் ரெண்டும் இல்ல."

உச்சோப் சட்டென்று எழுந்தான். "குழியைத் திறந்து வேற சாடி வச்சுடறேன்."

"மூடின குழியை மனுஷக் கை தொடக் கூடாது. கைக்குள்ள அடங்குற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடு. உள்ளே கொண்டுபோறது என் பாடு. உனக்காக இல்ல. ஒருத்தனை வழியில விட்டுட்டேன்னு எனக்குப் பேர் வரக் கூடாது."

பழைய அச்சு இனி உதவாது. கையாலேயே ஒரு சின்ன முகம் பிடித்தான். கண்ணும் மூக்கும் தானாக வந்தன. உதட்டுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பிளவு எந்தப் பக்கம்? நேராகவா, சாய்வாகவா? கண்ணை மூடினால் தான் செய்த வழவழப்பான முகம்தான் வந்தது. எந்த முகத்தையும் மறக்காதவன் என்று பெயர் வாங்கியவன், மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மியாசி வந்தாள். ஈரமண்ணில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி இழுத்தாள்.

"இடது பக்கம். மூக்கைப் பார்த்துச் சாஞ்சிருக்கும். அந்தப் புண்ணைக் கழுவினவ நான்."

சின்னச் சாடி வெயிலில் சீக்கிரம் காய்ந்தது. சாணி மூட்டத்தில் சுட்டு எடுத்து ஓடியபோது, லாம்பெக் இடுப்புவரை உதிர்ந்துவிட்டான் என்றது ஆந்தை. காலால் மணலைப் பறித்துப் பறித்துக் குழியை நோக்கி வளை தோண்டியது. சாடியை இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. வெளியே வந்து, எதிரில் நின்ற ஆவியின் முகத்தைத் தலையை உயர்த்திப் பார்த்தது, தாழ்த்திப் பார்த்தது. பிறகு கடல் பக்கம் பறந்தது.

திரும்பி வந்தபோது மியாசிதான் முந்திக்கொண்டு கேட்டாள். "சேர்ந்துட்டாரா?"

"சேர்ந்துட்டான். வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வந்தான், உன் புருஷனை."

"இனி இருக்கிறதை இருக்கிறபடி செய்யறேன்" என்றான் உச்சோப்.

"செய். ஆனா நீங்க மேலே காட்டுறதை இனி நான் நம்பறதா இல்ல. உள்ளேயே இருந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆந்தை தான் தோண்டிய வளைக்குள் புகுந்துகொண்டது.

அன்று முதல்தான் அந்தக் கரையின் ஆந்தை மரத்தை விட்டு மண்வளையில் வாழ்கிறது. பட்டப்பகலில் வளை வாசலில் நின்று, வருகிற போகிற முகங்களைத் தலையை ஏற்றி இறக்கிப் பார்க்கிறது. இன்று அந்த மணலைத் தோண்டுகிறவர்கள் கையில், சாடி முகங்களின் குருட்டுக் கண்ணும் சுருங்கிய கன்னமும் கிழிந்த உதடும் திருத்தப்படாமல் அப்படியே வந்து சேர்கின்றன.