துரை பங்களா ஏப்ரன்

கோத்தகிரிப் பக்கம் ஒரு மடம். அதை ஆரம்பித்த சாமி, துறவுக்கு முன்பு ஒரு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஓர் ஏப்ரன் மட்டும்தான். கழுத்தில் மாட்டினால் கணுக்கால் வரை தொங்கும் முரட்டுக் கித்தான் துணி. காவி கேட்டு வருகிறவர்கள் முதலில் அதைக் கட்டிக்கொண்டு சமையற்கட்டில் நிற்க வேண்டும். மடத்து வழக்கம் அது.

மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. தன் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு பேச்சை முறித்துக்கொண்டு மலையேறி வந்தவர். மடத்தின் இப்போதைய தலைவி வடிவம்மா அவரைவிட வயதில் இளையவர். குருவாக ஏற்றுக்கொண்டாலும் மாசிலாமணிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

"காவி எப்போம்மா குடுப்பீங்க?"

"இந்த ஏப்ரன் எதுக்கெல்லாம் ஆகும்னு சொல்லுங்க. குடுத்துடறேன்."

மனிதர் விடுவாரா? ஏப்ரன் நுனியால் பிடித்துக் கொதிக்கும் அண்டாவை இறக்கினார். அதிலேயே தோட்டத்து பீன்ஸை அள்ளிவந்தார். அடுப்பை விசிறினார். வெங்காயம் உரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்திக்குள் நுழைந்த கோழியைக்கூட அதை உதறித்தான் விரட்டினார். ஒவ்வொன்றையும் போய் ஒப்பித்தார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் வடிவம்மா. "எல்லாரும் மறந்துடறாங்க."

"இந்தக் கந்தல் வேற எதுக்கும்மா ஆகும்?"

வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பௌர்ணமி அன்னதானத்துக்குக் கூட்டம் வந்தது. சாம்பார் வாளியோடு நின்ற மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். வாசலில் மகள் பூங்கோதை. யாரோ சொல்லித் தேடி வந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு பொடியன், அவர் முகம்கூடப் பார்த்திராத பேரன்.

வாளியோடு வடிவம்மாவிடம் ஓடினார்.

"நான் இங்க இல்லேன்னு சொல்லிடுங்கம்மா. இன்னைக்கே காவியைக் குடுத்துடுங்க. காவி கட்டினவனுக்கு மகளேது, பேரனேது?"

"முதல்ல சாம்பாரை ஊத்துங்க. இலையில சோறு ஆறுது."

அந்த நேரம் பூசைச் சங்கு முழங்கியது. பையன் மிரண்டு போய் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தான். கண்ணில் பட்ட முதல் துணியான மாசிலாமணியின் ஏப்ரனுக்குள் புகுந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார். கித்தானுக்குள் ஒரு சின்ன மூச்சு காலில் சுட்டது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் பிள்ளை விழுந்துவிடுவான்.

"டேய் அமுதா, எங்கடா போனே?"

பூங்கோதையின் குரல் பந்தி வரிசையைத் தாண்டி நெருங்கி வந்தது.

"அம்மா," என்றார் மாசிலாமணி. "நீங்க சொன்ன அந்த இன்னொண்ணு இதுதானா? ஒளிஞ்சுக்கறதா?"

வடிவம்மா சாம்பார் வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஆமா. அவன் ஒளிய இந்தத் துணியே போதும். நீங்கதான் ஒளியறதுக்குக் காவி கேட்டீங்க."