மழைக்கு முன்னாடி போட்ட கூடாரம்

புழுதியூர் காலைநடைச் சங்கத்தில் மொத்தமே நாலு பேர். சிங்கராயர் தலைவர், தவசியப்பன் செயலாளர், நாகலிங்கம் பொருளாளர். மிச்சமிருந்த ஒண்டிமுத்து மட்டும்தான் உறுப்பினர். அதனால் மற்ற மூவருக்கும் அவர் மேல் தனி மரியாதை. தினமும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், முதுகில் மூட்டையோடு ஐந்து நாள் நடந்து மலையைத் தாண்டுவது என்று ஐப்பசியில் தீர்மானம் போட்டார்கள்.

வழிகாட்ட வந்தவர் மலைக்கிராமத்துப் பாப்பாத்தி. யானை எதிரே வந்தாலும் பதறாதவர். மூன்றாம் நாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

அன்று காலையில் மேகம் கறுத்தது.

"அண்ணே, நல்லா கேட்டுக்குங்க" என்றார் பாப்பாத்தி. "பை நனையக்கூடாது, உள்ளே அரிசி இருக்கு. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க. அட்டை கடிச்சா உப்பு போடுங்க. நான் போய் ஓடையில தண்ணி எவ்வளவு வருதுன்னு பார்க்கிறேன். வழியில மாட்டிக்கிட்டா, மழைக்கு முன்னாடி கூடாரத்தைப் போட்டுடுங்க."

அவர் தலை மறைந்ததும் நாலு பேரும் ரெயின்கோட்டை எடுத்துப் பைகளுக்கு மாட்டி, பித்தானும் போட்டுவிட்டார்கள்.

"நாம நனையலாமா தலைவரே?" என்று கேட்டார் ஒண்டிமுத்து.

"நம்மளைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் சொல்லலையே."

பிறகு வரிசையில் நின்றார்கள். யாரும் நகரவில்லை.

"எனக்கு முன்னாடி ஆளே இல்லையே. நான் யார் பின்னாடி போறது?" என்றார் சிங்கராயர்.

நியாயமான கேள்வி. தவசியப்பன் யோசித்து, வரிசையை வட்டமாக வளைத்து, தலைவரைக் கடைசியில் நின்ற ஒண்டிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இப்போது எல்லோருக்கும் முன்னால் ஆள் இருந்தது. ஒரு பாறையைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தார்கள்.

"ரெண்டு மைல் வந்திருப்போம்" என்றார் நாகலிங்கம். "இந்த மலையில பாறையெல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு."

அதற்குள் தலைவரின் கெண்டைக்காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது. ஒண்டிமுத்து உப்புப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"பொறுங்க" என்று தடுத்தார் தவசியப்பன். "கடிக்குதா?"

தலைவர் குனிந்து பார்த்தார். "கடிக்கல. உறிஞ்சுது."

"கடிச்சாத்தான் உப்பு."

"ஒரு கடி கடிச்சிடு ராசா" என்று தலைவர் அட்டையிடம் கெஞ்சிப் பார்த்தார். அது வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத் தானாக உதிர்ந்தது.

அப்போது எதிர்ச் சரிவில் வெள்ளை வேட்டி விரித்தது போல மழை வருவது தெரிந்தது.

"மழைக்கு முன்னாடி போடணும்! சீக்கிரம்!" என்று கத்தினார் செயலாளர்.

மழைக்கு முன்னால் கூடாரத்தை விரித்தார்கள். முதல் முளையை அடிப்பதற்குள் மழை அவர்களைத் தாண்டிவிட்டது.

"இப்ப நாம மழைக்கு நடுவுல இருக்கோம். இது செல்லாது" என்றார் தவசியப்பன்.

முளையைப் பிடுங்கினார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு மழையை முந்த ஓடினார்கள். விரித்தார்கள். மழை வந்துவிட்டது. மறுபடியும் ஓட்டம். ஆறாவது தடவை ஓடியபோது தலைவருக்கு ஒரு செருப்பு மிச்சமில்லை, நாகலிங்கத்துக்கு மூச்சு மிச்சமில்லை. பாதையின் கோடியில் பாப்பாத்தி மேல் போய் மோதி நின்றார்கள்.

அவருக்குப் பின்னால் ஓடை செந்நிறமாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படியோ வந்து சேர்ந்தீங்களே! இன்னும் கொஞ்ச நேரம் போனா இதைத் தாண்டவே முடியாது. பிடிங்க கையை!"

இடுப்பளவு வெள்ளத்தில் நாலு பேரையும் கரையேற்றி, அக்கரைக் குடிசைக்குள் தள்ளினார். நாலு பைகளும் காய்ந்த அப்பளம் போல இருந்தன. நாலு மனிதர்கள் வெடவெடத்தார்கள்.

"ரெயின்கோட்டு போடலையா அண்ணே?"

"போட்டோமே" என்று பைகளைக் காட்டினார்கள்.

பாப்பாத்தி அடுப்பை மூட்டிச் சோறு வடித்தார்.

மறுநாளும் மழை விடவில்லை. இவர்களோடு இருப்பதைவிட மழையோடு போவதே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நான் முன்னாடியே கீழே இருக்கிற ஊருக்குப் போய்த் தங்க இடம் பார்க்கிறேன். ஒரே பாதைதான். மழை நின்னதும் இறங்கி வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலு பேரும் வாசலில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் மழையைப் பார்த்தார்கள். மத்தியானம் வெயில் அடித்தது.

"நின்னுச்சா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்ல தலைவரே. விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஆளைக் காணோம். நிக்கவே இல்ல" என்றார் நாகலிங்கம்.

"எங்கே போயிடும்? வந்து நிக்கட்டும், கிளம்பலாம்."

இரண்டு நாள் காத்திருந்தார்கள். அரிசி தீர்ந்தது. மூன்றாம் நாள் காலையில், இவர்களுக்கு என்ன ஆனதோ என்று பதறியடித்துக்கொண்டு பாப்பாத்தி மேலே ஓடி வந்தார். பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழ் நாலு பேரும் மண்டை காய உட்கார்ந்திருந்தார்கள்.

"வெயில் கொளுத்துது! ஏன் வரல?"

"மழை இன்னும் நிக்கலைங்க" என்றார் தலைவர் பணிவாக. "வந்துச்சு, போச்சு. ஒரு நிமிஷம்கூட நிக்கல."

பாப்பாத்தி பக்கத்துக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம்னு சொல்லலையே?" என்று கிசுகிசுத்தார் ஒண்டிமுத்து.

"பேசாதீங்க" என்றார் தலைவர். "அந்தம்மா வாயைத் திறக்கல பாருங்க."