எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம்

“உன் புரோகிராம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் அழிக்கணும். இன்னிக்கே!” நோட்டீசை மேசைமேல் அடித்தார் படக் கம்பெனி வக்கீல் ரங்கபாஷ்யம்.

ஜெபக்கனி தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் கம்பெனி ஆபீசுக்கு வந்திருந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்த படங்களை டிவியில் ஓடவிடும் புரோகிராம் அது. ஆறு வருட உழைப்பு. யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தாள்.

“அதுல உங்க படம் ஒண்ணுகூட இல்லையே சார்.”

“திருடனுக்கு ஏணி செஞ்சு குடுத்துட்டு, நான் திருடலைங்கிறியா?”

“சரி சார். எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒரு இடம் விடமாட்டேன்.”

அவர் எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி முதலாளி சிரித்தார்.

சுவரிலிருந்த டிவியில் கம்பெனியின் சொந்த ஆப் புதுப்படம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி ரிமோட்டை எடுத்து, அந்த ஆப்பில் யாரும் திறக்காத ‘உரிமங்கள்’ பக்கத்தைத் திறந்தாள். யார் எழுதிய புரோகிராம்களால் ஆப் ஓடுகிறது என்ற பட்டியல் வந்தது. முதல் வரியில் அவள் பெயர்.

“இங்கேருந்தே ஆரம்பிக்கட்டுமா சார்? அழிச்சா உங்க படம் எந்த வீட்டுலயும் ஓடாது.”

ரங்கபாஷ்யம் தாளைப் பிடுங்கி, நோட்டீசோடு சேர்த்துக் கிழித்தார்.

திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டேயிருந்தன. கூலி கேட்காமல் எழுதிக் கொடுத்தவர்கள், எந்தெந்த நாட்டுக்காரர்களோ. நூறைத் தாண்டியும் முடியவில்லை. அவளே இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததில்லை.

முதலாளி சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.