பனிச்சைக்குப் பூ கொண்டு போனவ

ஆறு கடலோட சேர்ற இடத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு மரம், மரத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு, வீட்டுல ஒரு மருமக. பேரு பூங்காவனம். நீ "ம்" கொட்டுறதை நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், ஆமா.

"ம்."

அது பனிச்சை மரம். ஊர்ல எல்லாரும் வலை வீசுறவங்க. பனிச்சங்காயை டங்கு டங்குன்னு இடிச்சு, ஊற வச்சு, அந்தச் சாத்துல வலையை முக்கினா கருகருன்னு ஆயிடும், தண்ணியில இத்துப்போகாது. அதனால ஊர்த்தலைவர் வருஷா வருஷம் கரையில நடந்து மரத்தையெல்லாம் பாப்பாரு. காய்ச்ச மரம் இருக்கும். காய்க்காத மரம்? "தண்டத்துக்குத் தண்ணி குடிக்குது, வெட்டுடா!" சடசட... டமால்!

"ம்."

பூங்காவனம் ஆத்தோட மேல்பக்கத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்தவ. பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு எப்பக் கேட்டாலும் மாமியார், "என்ன காரியமாப் போற?"ன்னு மடக்கிடுவா. இவ வந்து பனிச்சை மேல சாஞ்சு, ஆறு வர்ற திசையையே பாத்துக்கிட்டு இருப்பா.

அப்புறம் ஒரு வருஷம் மரம் பூத்துக் கொட்டுச்சு, ஒரு பிஞ்சு பிடிக்கலை. பொத்து பொத்துன்னு பூவெல்லாம் தரையில. தலைவர் வந்தாரு.

"இதுவும் மலடாயிடுச்சு. அடுத்த பூவுக்கும் காய்க்கலைன்னா கோடாலிதான்."

"போன தடவை காய்ச்ச மரத்துக்கு இப்ப என்ன வந்துச்சு?"

"என்னை ஏம்மா கேக்குற? மரத்தைக் கேளு!"

"கேக்குறேன்"னா பூங்காவனம். மறுபடி மொட்டு விட்டதும் கிளம்பிட்டா.

"என்ன காரியமா?"ன்னா மாமியார்.

"ஊர்க் காரியமா!"

பனிச்சையோட சொந்தக்காரங்களைத் தேடி நடந்தா. அடையாளம் சுலபம். அந்தக் குடும்பத்துல எல்லாக் காயும் பூவோட அடி இதழ் உதிராம, தலையில மடிச்சுவிட்ட குல்லா போட்டிருக்கும். முதல்ல கடலோரக் கோயில்காட்டுல வக்கணை மரம். ஆளு குள்ளம், கட்டை இரும்பு, சுண்டைக்காயாட்டம் காய், தலையில குல்லா.

"எங்க பனிச்சை ஏன் காய்க்கலை?"

"நான் ஒண்ணுவிட்ட தங்கச்சி, எனக்கென்ன தெரியும்? மேல போ."

அப்புறம் காஞ்ச காட்டுல தும்பிலி. பீடி சுத்துற இலை, இனிக்கிற பழம், தலையில குல்லா. அது சிரிச்சுது.

"அடி அசடே! எங்க குடும்பத்துல ஆம்பளை மரம் தனி, பொம்பளை மரம் தனி. ஆம்பளை பூப்பான், காய்க்க மாட்டான். அவன் பூத்தூள் படாம எவளும் காய்க்க மாட்டா. உங்க ஊர்க் காய்க்காத மரமெல்லாம் எங்கே?"

பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "வெட்டிட்டாங்க... கடைசியா நின்னதையும் வெட்டிட்டாங்க."

"ஏன் வெட்டினாங்க?"

நீ கேக்குறதைத்தான்டி நானும் கேக்குறேன்! வெட்டினவங்க கேட்டாங்களா? நீ "ம்" சொல்லு.

"ம்."

அப்புறம் மலைச்சரிவுல கருங்காலி. வெளியே வெளுப்பு, நெஞ்சு மட்டும் கன்னங்கரேல். "உன் பூவையாவது குடேன்"னு கெஞ்சினா.

"உறவுதான், ஆனா ஒட்டாது. பனிச்சைக்குப் பனிச்சைப் பூதான் வேணும். நீ பொறந்த கரையில ஒருத்தன் நிக்குறான், போ."

பொறந்த கரையா! குடுகுடுன்னு ஓடினா. அவ சின்னதுல ஊஞ்சல் கட்டி ஆடின பனிச்சை, பொடிப்பொடியா வெள்ளைப் பூ, ஙொய்ய்னு வண்டு.

"ஆத்தோட கீழ்ப்பக்கம் யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டுச்சு மரம்.

"ஒருத்தி இருக்கா."

சரசரசரன்னு மரம் உலுக்கிக்கிட்டுச்சு, முந்தானை நிறையப் பூ. ஈரத்துணியில சுத்திக்கிட்டுத் திரும்பினா, எதிர்ல அம்மா வீடு. அம்மா நெத்தியில கையை வச்சுப் பாக்குறா.

"யாரு, பூங்காவனமா? வாடி, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ!"

காலு நகரலை. கையில பூ வாடுது.

"பூ வாடிடும்மா..."

"மூஞ்சியாச்சும் காட்டுடி!"

திரும்பி நின்னா, ஒரு மூச்சு விடுற நேரம். அப்புறம் பரிசல்ல ஏறிட்டா. அம்மா சின்னதாகிச் சின்னதாகிப் புள்ளியாயிட்டா.

"...ம்."

வந்ததும் மரத்துல ஏறி, பூவுல பூவைத் தொட்டு வச்சா. உதிரலை. குல்லாவுக்குள்ள பிஞ்சு உருண்டுச்சு, கிளை தாங்காமக் காய்ச்சுது. தலைவர் கூடையோட வந்தாரு. "பாத்தியா, கோடாலின்னதும் காய்ச்சிடுச்சு!"

"ஐயா, கோடாலிக்குப் பயந்து எந்த மரமும் காய்க்காது. நீங்க வெட்டிப் போட்டது அதோட ஜோடியை. இந்தாங்க விதை, வீட்டுக்கு வீடு நடுங்க. ஆணா பொண்ணான்னு பூக்குற வரைக்கும் யாருக்கும் தெரியாது, அதனால எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துங்க."

அன்னிக்குப் பனிச்சை அவகிட்ட மெதுவாக் கேட்டுச்சு. "அவன் எப்படி இருக்கான்?"

"ஆத்துப் பக்கமா சாஞ்சு, ஆறு போற திசையையே பாத்துக்கிட்டு நிக்குறான்."

மரத்துல இலையெல்லாம் சலசலன்னுச்சு.

அப்புறம் வருஷா வருஷம் பூ எடுக்கப் போனா. அம்மா கையால ஒரு வாய் சோறு, உடனே பரிசல்.

"கன்னெல்லாம் வளந்து அங்கேயே ஆம்பளைப் பூ பூத்துட்டா? அப்புறம் எதுக்குப் போவா?"

பூத்துச்சே! அன்னிக்கு மாமியார் வாசலை மறிச்சுக்கிட்டு, "இனிமே என்ன காரியமாப் போற?"ன்னா.

"அம்மாவப் பாக்க"ன்னா பூங்காவனம். நடந்துட்டா. கையில பூவும் இல்லை, அவசரமும் இல்லை.

பரிசல் போயிடுச்சு, கதையும் அதுல ஏறிப் போயிடுச்சு. கண்ணை மூடு.