தலைமாட்டுக் கல்செடிகள்

எஸ்டேட் முதலாளி சிங்காரவேலரின் தலைமாட்டில் ஆறு தொட்டிகள். கூழாங்கல்லில் வாய் கீறியதுபோல் இருக்கும் செடிகள். பனிக்காலத்தில் வளர்ந்து, கோடை முழுக்கப் பிணம்போல் தூங்கும். அப்போது தண்ணீர் பட்டால் அழுகிவிடும்.

இந்தக் கோடையில் ஒன்று அழுகிவிட்டது.

"கொன்னுட்டியேடி! மிச்சத்தை நாளைக்குள்ள எழுப்பு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்று தோட்டக்காரி பூவாத்தாள்மேல் பாய்ந்தார்.

"தூங்குறது எந்திரிச்சிருமுங்க."

மறுநாள் மத்தியானம், உள்தாழிட்ட அறையில் உறங்கியவர் வாயில் சில்லென்று தண்ணீர் கொட்டியது. மூச்சுமுட்டி எழுந்தார். யாருமில்லை. ஐந்து செடிகளும் அவரையே பார்த்திருந்தன.

"தூங்குற வாயில தண்ணி ஊத்துனது யாரு?"

ஜன்னலுக்கு வெளியே பூவாத்தாள் வெறுங்கையோடு நின்றாள். "செடிக்குத் தினமும் நீங்க திருட்டுத்தனமா ஊத்துற சொம்பு உங்க கட்டிலுக்கு அடியிலதானுங்க இருக்குது. அதையே கேளுங்க."

குனிந்து பார்த்தார். நேற்று அவரே துடைத்து ஒளித்துவைத்த சொம்பு, ஈரம் சொட்ட மெல்ல உருண்டுகொண்டிருந்தது.